பார்வை தெளிவாக இருக்கும்போதே

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நாடு முழுவதும் நடத்திய நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு வெளிவந்தபோது, 20 வயதைக் கடந்த இந்தியர்களில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதும், புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் மட்டும் அது 26.3 விழுக்காடாக உயர்ந்து நிற்பதும் தெரியவந்தன. நாட்டிலேயே இதைவிடக் கூடுதலான அளவு கோவாவில்தான் பதிவாகியது, அதுவும் 26.4 விழுக்காடு என்னும் மயிரிழை வேறுபாட்டில். அந்த ஒன்றியப் பகுதியின் ஒரு துண்டாக, காவிரிக் கடைமடை வயல்களுக்கு நடுவே, காரைக்கால் நகருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருக்கும் ஊர் திருநள்ளாறு.

தர்ப்பாரண்யேசுவரர் கோயில் கொண்ட இவ்வூருக்கு, இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சியின்போது இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். நளதீர்த்தத்தில் மூழ்கி எழுந்து, சனீசுவரன் சன்னிதியில் அவன் பார்வைக்கு நேரே நில்லாமல் சற்று ஒதுங்கி நின்று வணங்குவதைப் பலர் வழக்கமாகக் கொண்டுள்ளனர். அந்த நம்பிக்கை இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள் அன்று. ஆயினும் பார்வை என்ற சொல்லுக்கு இவ்வளவு எடை இருக்கும் ஊரிலும், அதைச் சூழ்ந்த பகுதியிலும், பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருடைய கண்பார்வை வலியோ அறிகுறியோ இன்றி அரிக்கப்படக்கூடிய நிலையில் இருக்கிறது என்பது கவலையோடு எழுதப்பட வேண்டிய செய்தி.

கண்ணைத் தனி உறுப்பாகக் கருதும் பழக்கம் மருத்துவத்துறைப் பிரிவுகளால் வந்தது. தமிழ் மருத்துவ மரபில் அது இல்லை. சித்த மருத்துவம் நோயறிவதற்கு வகுத்த எண்வகைத் தேர்வில் நாடி, தொடுதல், நாக்கு, நிறம், மொழி ஆகியவற்றோடு விழியும் ஒன்றாக வைக்கப்பட்டது. அதாவது கண்ணோய்க்காக மட்டும் அன்றி, எந்த நோயோடு வந்தவருக்கும் விழி பார்க்கப்பட வேண்டும் என்பது விதி. இன்றைக்கும் கிராமச் செவிலியர் கருவுற்ற பெண்ணின் கீழிமையை விரலால் தாழ்த்தி, உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்து இரத்தசோகையை ஐயுறுவதும், வெண்விழியின் மஞ்சளைக் கண்டு வீட்டுப் பாட்டியே காமாலை என்று சொல்லிவிடுவதும் அந்த வழியில் வருபவையே. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்ற பழமொழி மருத்துவப்படி சரியன்று. காமாலை கண்டவருக்கு உலகம் வழக்கமான நிறங்களில்தான் தெரிகிறது. அவருடைய மஞ்சளைக் காண்பவர் எதிரே நிற்பவர். நோயாளி தன் கண்ணால் உணராத ஒன்றை வேறொருவர் அதே கண்ணில் கண்டறிய முடியும் என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

வெறுங்கண்ணால் காணக்கூடியது இமையோடும் வெண்விழியோடும் நின்றுவிட்டது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் விழியகநோக்கி என்னும் சிறு கருவியை வெளியிட்ட பிறகு, பாவையின் வழியே ஒளியைச் செலுத்திக் கண்ணின் பின்சுவரைப் பார்ப்பது இயல்வதாயிற்று. உயிருள்ள மனிதனின் குருதி நாளங்களையும் மூளையிலிருந்து வரும் ஒரு நரம்பின் முனையையும் தோலைக் கிழிக்காமல் நேரில் பார்க்கக்கூடிய ஒரே இடம் அது. சிறுநீரகத்திலும் இதயத்திலும் மூளையிலும் உள்ள நுண்ணிய நாளங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதற்கு அவ்விடம் ஒரு மாதிரிக் காட்சி என்பதால்தான், உடல் முழுவதையும் பற்றும் நோய்கள் பலவற்றின் தடயம் அங்கே முதலில் அகப்படுகிறது.

அந்தப் பின்சுவரை ஒட்டி விரிந்திருக்கும் மெல்லிய நரம்புப் படலமே விழித்திரை. பழைய புகைப்படக் கருவியில் பிலிம் செய்த வேலையை, அதாவது ஒளியை வாங்கிப் பதியும் வேலையை, கண்ணில் அது செய்கிறது. குருதியில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருக்கும்போது விழித்திரையின் நுண்நாளங்களைத் தாங்கி நிற்கும் உயிரணுக்கள் மடிகின்றன. தாங்கல் இழந்த நாளச் சுவர் ஆங்காங்கே குண்டூசித் தலையளவினும் சிறிய புடைப்புகளாக வீங்குகிறது. அவற்றின் வழியே குருதியும் நீரும் கொழுப்பும் கசிந்து படிகின்றன. வேறு சில நாளங்கள் அடைபட்டுப்போகின்றன. உயிர்க்காற்று கிட்டாத விழித்திரைப் பகுதி, புதிய நாளங்கள் வளர வேண்டும் என்று ஒரு வேதிச் சைகையை வெளியிட, அதற்கு விடையாக முளைக்கும் நாளங்களோ மிக நொய்மையானவை. அவை கண்ணின் நடுவை நிரப்பியிருக்கும் கூழ்மத்துக்குள் ஒருநாள் வெடித்துக் குருதி சிந்துகின்றன, அல்லது தழும்பாகச் சுருங்கி விழித்திரையையே சுவரிலிருந்து பிய்த்து இழுக்கின்றன. இதற்குச் சர்க்கரை நோய் விழித்திரைப் பாதிப்பு என்று பெயர். கசிவு, நுண்பார்வைக்கு உரிய நடுப்பகுதியில் தேங்கினால் அது மையப்பகுதி வீக்கம் எனப்படும். எழுத்துகள் கோணலாகத் தெரிவதும் முகங்கள் மங்குவதும் அதனால் வருபவை.

புடைப்பும் கசிவும் அடைப்பும் தொடங்கிப் புதுநாளங்கள் முளைக்கும் வரையிலான நீண்ட காலம் முழுவதிலும், நடுப்பகுதி பாதிக்கப்படாத வரை, நோயாளிக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. அவர் செய்தித்தாள் படிப்பார். ஊசியில் நூல் கோப்பார். கண் மருத்துவமனையின் எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை வாசித்துக் காட்டுவார். கண்ணுக்குள் குருதி சிந்திக் கரிய நூல்களும் புகையும் மிதக்கத் தொடங்கும் நாளில்தான் அவர் மருத்துவரைத் தேடி ஓடுகிறார். அது நோய் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்பு. நன்றாகத் தெரிகிறதே என்னும் சொல், சர்க்கரை நோயாளியின் வாயிலிருந்து வரும்போது எதையும் மெய்ப்பிப்பதில்லை.

சென்னையில் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வொன்று நகரத்துச் சர்க்கரை நோயாளிகளில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பு இருப்பதைக் கண்டது. அதே ஆய்வில், தமக்குச் சர்க்கரை இருப்பதையே அப்போதுதான் அறிந்தவர்களிலும் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு விழித்திரை ஏற்கெனவே பழுதுபட்டிருந்தது. இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே உடலில் குடிபுகுந்துவிடுகிறது என்பதே இதன் பொருள். அதனால்தான் அவ்வகை நோயாளிக்கு, நோய் தெரிந்த உடனே ஒரு முறையும் பின்பு ஆண்டுதோறும் விழித்திரை பார்க்கப்பட வேண்டும் என்றும், இளவயதில் வரும் முதல் வகையில் ஐந்தாண்டுகளுக்குப் பின் தொடங்கலாம் என்றும், ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே பார்த்தாக வேண்டும் என்றும் மருத்துவ நெறிகள் கூறுகின்றன. கருப்பக் காலத்தில் இந்தப் பாதிப்பு விரைந்து முற்றக்கூடும்.

சர்க்கரை கண்ணில் செய்யும் வேறொரு மாற்றம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதால் சற்று விரித்துச் சொல்லத்தக்கது. குருதிச் சர்க்கரை திடீரென ஏறும்போது கண்ணின் வில்லை நீரேற்று உப்பி, அதன் ஒளிகுவிக்கும் திறன் மாறுகிறது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி அணிந்திருந்த ஐம்பது வயதுக்காரருக்குச் சில வாரங்களில் கண்ணாடியின்றியே படிக்க வருகிறது. தொலைவு மட்டும் மங்குகிறது. வீட்டார் இதைக் கண் தெளிந்ததாக எண்ணி மகிழ்வதுண்டு. உண்மையில் அது சர்க்கரை கட்டுக்கடங்காமல் போயிற்று என்பதன் அறிகுறியாக இருக்கலாம், அல்லது வில்லையின் நடுவே கண்புரை முதிர்வதாகவும் இருக்கலாம். சர்க்கரை ஏறி இறங்கும் நாள்களில் கண்ணாடிக் கடையில் அளவெடுத்துப் புதுக் கண்ணாடி வாங்குவது வீண்செலவு. சர்க்கரை நிலைப்பட்ட சில வாரங்களில் அந்த அளவு ஒத்துவராது. இதை வாடிக்கையாளருக்குச் சொல்லும் கண்ணாடிக் கடைக்காரர் நல்ல மருத்துவப் பணியைச் செய்தவராகிறார்.

மருத்துவம் இல்லாத நோயன்று இது. வெளிப்புற விழித்திரையில் லேசர் வைப்பதால் கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கலாம் என்பது 1970-களிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. நாளத்தை முளைக்கச் செய்யும் வேதிச் சைகையை மறிக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தும் முறை, இந்த நூற்றாண்டில் மையப்பகுதி வீக்கத்தின் போக்கையே மாற்றியது. எனினும் லேசரும் ஊசியும் இருக்கும் பார்வையைக் காப்பதில் வல்லவை. இழந்ததை முழுவதும் மீட்பதில் அல்ல. விழித்திரையின் பழுது சிறுநீரகப் பழுதோடு அடிக்கடி கைகோத்து வருவதால், கண்ணில் கசிவு கண்ட மருத்துவர் சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்வதும் இதே மருத்துவத்தின் பகுதி. சர்க்கரை கண்ணைப் பறிக்கும் வழி விழித்திரை மட்டும் அன்று. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்று அஞ்சப்பட்ட நோய், மூக்கிலிருந்து கண்குழிக்குள் பரவி, உயிரைக் காக்கக் கண்ணையே எடுக்க வேண்டிய நிலைக்குப் பலரைக் கொண்டுவந்தது. கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்த உடல்களையே அது பெரும்பாலும் தேடிப் பற்றியது.

இரத்தக் கொதிப்பின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது விழித்திரையின் தமனிகளைக் குறுக்கித் தடிக்கச் செய்கிறது. தடித்த தமனி, தான் குறுக்கே கடக்கும் சிரையை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட சிரை ஒருநாள் அடைபட, காலையில் விழித்தவருக்கு ஒரு கண் வலியின்றி மங்கியிருக்கிறது. இதனினும் அவசரமானது தமனி அடைப்பு. ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல் சில நிமிடம் இருண்டு, பின் தானாகத் தெளிந்தால் அது கண்ணின் களைப்பு அன்று. பக்கவாதத்துக்கு முன்வரும் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். தெளிந்துவிட்டதே என்று வீட்டிலிருந்துவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது.

சர்க்கரையும் கொதிப்பும் எல்லா ஊர்களுக்கும் பொது. கடைமடைக்கு உரிய கண்ணோய் ஒன்றைத் தனியே பேச வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் வயலும் வரப்பும் தெருவும் ஒரே நீராகக் கிடக்கும்போது, எலியின் சிறுநீரிலும் கால்நடையின் சிறுநீரிலும் வெளிப்படும் சுருள் வடிவ நுண்ணுயிர், வெறுங்காலோடு நடவு நடும் பெண்களின் பாத வெடிப்பின் வழியே உடலுக்குள் நுழைகிறது. எலிக்காய்ச்சல் என்னும் அந்நோயில் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வருவதோடு, பீளை இன்றிக் கண் சிவப்பதும் முதல் வாரத்திலேயே காணப்படும். பலருக்குக் காய்ச்சல் ஒரு வாரத்தில் தணிந்து மறந்துபோகிறது. கண் மறப்பதில்லை. வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து, உடலின் எதிர்ப்பாற்றல் தூண்டும் அழற்சியாக, விழியின் நடுப்படலம், அதாவது வெண்விழிக்கும் விழித்திரைக்கும் இடையேயான நாளங்கள் செறிந்த அடுக்கு, வீங்கிச் சிவக்கிறது. வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சமும் வலியும் மங்கலும் சேர்கின்றன. 1993-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு மதுரையில் இத்தகைய அழற்சியோடு வந்தவர்களின் எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாகப் பெருகியதை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர் எஸ்.ஆர். ரத்தினம் கவனித்து, அதன் வேர் எலிக்காய்ச்சலே என்று பிற ஆய்வாளர்களோடு சேர்ந்து நிறுவி 1997-இல் வெளியிட்டார். மாதங்களுக்கு முன் வடிந்த வெள்ளத்தைக் கண்ணின் சிவப்பிலிருந்து பின்தொடர்ந்து கண்டடைந்த அந்தப் பணி, தமிழ்நாட்டு மருத்துவ ஆராய்ச்சியின் பெருமிதங்களுள் ஒன்று.

காலத்தோடு வந்தால் இந்த அழற்சி பெரும்பாலும் நன்றாகக் குணமாகிறது. காலம் கடப்பதற்குக் காரணம், சிவந்த கண் எதுவாயினும் அதை மெட்ராஸ் ஐ என்று முடிவுகட்டி மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்குவது. மெட்ராஸ் ஐயில் பீளையும் நீரும் வடியும், உறுத்தும். பார்வை பெரிதாகக் குறைவதில்லை. சிவப்போடு வலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் அது வேறு நோய். நெற்பயிர் நிலத்தில் இதற்கு மற்றொரு இடர்ப்பாடும் உண்டு: நெல்லின் தாளோ உமியோ கருவிழியில் கீறிப் பூஞ்சை பற்றிய புண்ணும் சிவந்தே தோன்றும். நடுப்படல அழற்சியை ஆற்றும் ஸ்டீராய்டுச் சொட்டு, பூஞ்சைப் புண்ணில் விட்டால் அதை முற்றவைத்துக் கண்ணில் பூ விழச் செய்துவிடும். பக்கத்து வீட்டாருக்குக் கேட்ட மருந்து இவருக்கும் கேட்கும் என்று எண்ணுவதற்கு இங்கே இடமே இல்லை.

குறைபாட்டால் வரும் கண்ணோய்க்கு வரும்போது, துயரமும் நம்பிக்கையும் கலந்த ஒரு வரலாறு எதிர்ப்படுகிறது. வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்கு முதலில் மாலைக்கண் வருகிறது. பிறகு வெண்விழியில் நுரை போன்ற சாம்பல் திட்டுகள். இறுதியில் கருவிழி உலர்ந்து குழைந்து கண்ணே போகிறது. தட்டம்மை கண்ட குழந்தையில் இந்தச் சரிவு சில நாள்களில் நடந்துவிடும். காவிரிக் கரையிலேயே, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், 15,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளைக் கொண்டு நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வு, வாரந்தோறும் சிறு அளவில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளின் இறப்பு 54 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. கண்ணைக் காக்கத் தரப்பட்டதாகக் கருதப்பட்ட சத்து, உயிரையே காத்தது. மாலைக்கண் என்பது கண்ணின் குறையாகத் தோன்றினாலும், குடலும் நுரையீரலும் நோயைத் தடுக்கும் ஆற்றலும் சேர்ந்து மெலிந்துவிட்ட உடலின் குரல் அது. ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு தரும் வைட்டமின் ஏ திரவமும், துளி எண்ணெயோடு வதக்கிய முருங்கைக்கீரையும் இந்நோயை இன்று அரிதாக்கியிருக்கின்றன. எண்ணெயைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அச்சத்து கொழுப்பில் கரைந்தே குடலால் ஏற்கப்படுகிறது.

நோயைப் போலவே நோய்க்கான மருந்தும் கண்ணைத் தொடும். காசநோய்க்குத் தரும் மாத்திரைகளுள் எத்தாம்புட்டால் என்பது சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கி, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாமல் செய்கிறது. நம் நாட்டுத் திட்டத்தில் ஆறு மாதமும் அது கொடுக்கப்படுவதால், நிறங்கள் வெளிறித் தெரிந்தால் உடனே சொல்லுமாறு நோயாளிக்கு முதல் நாளே அறிவுறுத்த வேண்டும். தாமே மாத்திரையை நிறுத்துவது தவறு. மருத்துவர் உரிய நேரத்தில் மாற்றினால் பார்வை பெரும்பாலும் திரும்பும். மூட்டுவலிக்கு என்று பெயர் தெரியாத மாத்திரைகளையும் பொடிகளையும் ஆண்டுக்கணக்கில் உண்பவர்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவற்றில் கலந்திருக்கக்கூடிய ஸ்டீராய்டு கண்புரையை விரைவுபடுத்துகிறது. கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்திப் பார்வை நரம்பை அரிக்கிறது. அந்த அரிப்பு மீளாதது. முடக்குவாதத்துக்கு முறையாகத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கும், ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை தேவை.

முடக்குவாதம் மூட்டுகளோடு நிற்பதில்லை. கண்ணீரை வற்றச் செய்து, வெண்விழியையும் அழற்சிக்கு உள்ளாக்கும். தமிழ்நாட்டுக் கண் மருத்துவ வரலாற்றில் அந்நோய்க்கு வியப்பான ஓர் இடம் உண்டு. மகப்பேறு மருத்துவராக விரும்பிய கோ. வெங்கடசாமி, இளம் வயதில் முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்து, விரல்கள் நிலையாகக் கோணிப்போன பிறகு கண் மருத்துவம் பயின்றார். அந்த விரல்களுக்கேற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 1976-இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார்.

புதுச்சேரியிலும் அந்த மருத்துவமனையின் கிளை இயங்குகிறது; காரைக்காலில் அரசு பொது மருத்துவமனையும், 2016-இல் தொடங்கிய ஜிப்மர் கிளை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைப் பிரித்தறியும் கணினி நிரலைக் கூகுள் நிறுவனம் உருவாக்கி 2016-இல் வெளியிட்டபோது, அதைப் பயிற்றுவித்த படங்களில் அரவிந்த், சங்கர நேத்ராலயா ஆகிய தமிழக மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. கருவியும் அறிவும் இவ்வளவு அருகே வந்துவிட்ட பின்னும், மாதந்தோறும் மாத்திரை வாங்க வரும் சர்க்கரை நோயாளியிடம் குருதிச் சர்க்கரை கேட்கப்படுகிறது, எடை கேட்கப்படுகிறது. கடைசியாகக் கண் பார்த்தது எப்போது என்ற கேள்வி விட்டுப்போகிறது. மாத்திரை வழங்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டு, விடை அட்டையில் எழுதப்பட வேண்டும். அது கேட்கப்படும் நாள் வரை, வீட்டில் சர்க்கரை உள்ளவர்களிடம் வாசகர்களே அதைக் கேட்க வேண்டும்.

பரிசோதனை எளியது. பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு, அரை மணி நேரம் காத்திருந்தால், மருத்துவர் சில நிமிடங்களில் விழித்திரையைப் பார்த்துவிடுவார், வலி இல்லை. மருந்தின் தாக்கம் தெளிய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். அதுவரை வெயில் கூசும், அருகிலுள்ள எழுத்து மங்கும், வண்டி ஓட்டக் கூடாது. ஆதலால் போகும்போது துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.